பெருஞ்சேற்றில் அரசகம்பங்கள் பொய்த்த செய்தி

கடல் தன் கரை கடவாது நிற்க. ஆறு தன் நீர் குறையாது வருக. கொற்றக்குடையின் கீழ் வாழும் குடிகள் கதவைத் தாழிடாது உறங்கும் காலம் வாய்க்க.

சங்குக்கொடி உயர்த்தவரும், ஏழு கழிமுகங்களுக்கு இறைவரும், தந்தையார் கையிலிருந்து பெற்ற அளக்கர்நாட்டைத் தம் தோள்வலியால் காத்து வருபவருமாகிய கோமான் மாவண்ணரையர் அரியணை ஏறிய பதினேழாம் ஆண்டு, தைத் திங்கள், மறைமதி கழிந்த மூன்றாம் நாள், கதிர் எழுந்த பொழுதில், வடகரைப் பாசறையிலிருந்து எல்லைப் பேரமைச்சன் ஏறன் சேந்தன், தென்கரைக் கற்சிறைக் கோட்டையின் தலைவரும், கடற்கரை மன்றத்தில் நீதி வழங்கும் உரிமை பெற்றவருமாகிய மல்லன் கொற்றனார்க்குத் தன் கையால் எழுதிய ஓலை.

உமது மதிலுக்கும், மதில்மேல் நிற்கும் வில்லாளர்க்கும், உமது இல்லத்தார்க்கும் நலம் பெருகுக. நலம் உசாவுதல் ஓலை மரபு. ஆயினும் அதை நீட்டிக்க இன்று பொழுதில்லை. கடல் வற்றத் தொடங்க இன்னும் நான்கு நாழிகையே உண்டு. அதற்குள் இவ்வோலை எழுதி முடிந்து, சுருண்டு, முத்திரை பெற்றுப் புறப்பட வேண்டும்.

செய்தி இது. நாளைக் கதிர் எழும்போது உமது கோட்டையின் கடல்வாயிலில் தலை கொய்யப்படவிருக்கும் பலகையர் தலைவன் சிறுகண்டனைக் கொல்லற்க. சேற்றுவழி காட்டும் அரசகம்பங்களைப் பிடுங்கினான், அதனால் பகைவர்க்கு வழி திறந்தான் என்று யாம் அவன்மேல் சாட்டிய குற்றம் பொய். அவனுக்குக் கொலைத்தண்டம் தகும் என்று உமக்கு எழுதியவனும் யாமே. தகாது என்று இன்று எழுதுபவனும் யாமே.

இவ்வளவு படித்ததும் நீர் என்ன செய்வீர் என்பதை இங்கிருந்தே காண்கிறோம். ஏட்டை வெயிலில் பிடித்து, பழைய எழுத்தைச் சுரண்டிய தடம் உண்டா என்று பார்ப்பீர். கயிறு கோத்த துளையை நகத்தால் தடவி, அது புதிதா பழையதா என்று தேர்வீர். மையை மோந்து பார்ப்பீர். முத்திரை அரக்கின் விளிம்பு இருமுறை உருகியதா என்று நோக்குவீர். பின்பு ஓலையைக் கீழே வைத்துவிட்டு, கொண்டுவந்தவரின் முகத்தை நெடும்பொழுது பார்ப்பீர். இவை அனைத்தையும் பகைப்புலத்துப் பாசறைகளில் உமக்குப் பழக்கியவன் யாமே. அன்று உமது கூர்மையைக் கண்டு மகிழ்ந்தோம். இன்று அதை எண்ணி நடுங்குகிறோம்.

இன்னும் ஒன்று உண்டு. கடந்த ஐப்பசித் திங்களில் யாம் உமக்கு விடுத்த நிலையாணையை நீர் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்க்கவும் வேண்டுவதில்லை; அதன் வாசகம் எமக்கு மனப்பாடம். பலகையர் கையால் வரும் எவ்வோலையும் பொய்யோலை என்று கொள்க, கொணர்ந்தவரைச் சிறையிடுக, அவ்வோலையைப் பதினைந்து நாள் கிடப்பில் வைத்து, குதிரைவழியே எம்மிடம் உசாவித் தெளிந்த பின்னரே அதன்படி ஒழுகுக. எழுதியவன் யாம். முத்திரை இட்டவன் யாம். இப்பொழுது உமது கையில் இருக்கும் இவ்வோலையோ பலகையர் கையால் வந்தது. அதிலும், கொணர்ந்து நிற்பவள் சிறுகண்டனின் மனைவி அலரி.

குதிரைவழியே ஆள் விடுத்துள்ளோம். அவன் கழிமுகங்களைச் சுற்றி உம்மிடம் வந்து சேர மூன்று நாள் ஆகும். அதற்குள் சிறுகண்டன் தலை மண்ணில் கிடக்கும். தோணியில் விடுக்கலாமே என்பீர். பலகையரின் பதினெட்டுத் தோணிகளையும் ஆற்றுத்துறைக்கு இழுப்பித்து அடிப்பலகையைக் கழற்றச் செய்தவனும் யாமே. எல்லாப் பக்கமும் நன்றாகவே அடைத்து வைத்திருக்கிறோம்.

ஆகவே நடந்தவற்றை முதலிலிருந்து எழுதுகிறேன். இனி ‘யாம்’ என்று எழுதேன். அச்சொல் அரசின் பெயரால் பேசுவது. இனி வருவன என் பிழைகள். அவற்றில் அரசருக்குப் பங்கில்லை.

பகைவராகிய தீவகத்தார் கலங்கள் கீழ்க்கடலில் தென்பட்டன என்ற செய்தி கேட்டு அரசர் என்னை இக்கரைக்கு அனுப்பியதை அறிவீர். வந்த முதல் நாளே இந்தப் பெருஞ்சேறு எனக்குப் பிடிக்கவில்லை. நீர் தென்கரையில் கல்மதிலின் மேல் நின்று இதைக் காண்பவர்; எனக்கோ கூடாரத்தின் வாயிலிலிருந்தே இது தொடங்குகிறது. காலையில் எழுந்து பார்த்தால் கடல். உண்டு கைகழுவி வந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தொலைவும் சாம்பல் நிறச் சேறு. அதில் நரம்பு நரம்பாய் ஓடைகள், கோடி நண்டு வளைகள், நாங்கூழ்ப்புழு துப்பிய மண்சுருள்கள், சேற்றைக் குத்தித் தின்னும் உள்ளான் பறவைக் கூட்டங்கள். மாலையில் மீண்டும் கடல். நிலமென்றால் நிலமாகக் கிடக்க வேண்டும். நீரென்றால் நீராக நிற்க வேண்டும். நாளுக்கு இருமுறை பெயரை மாற்றிக்கொள்ளும் ஒன்றை எந்த எல்லைக்காவலன் நம்புவான்?

அதன்மேல் வாழும் பலகையரையும் நான் நம்பவில்லை. ஆளுயரப் பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றக் காலால் சேற்றை உதைத்து உதைத்து, குதிரை ஓடும் விரைவில் அவர்கள் போவதைக் கண்டபோது, இவ்வளவு எளிதாகப் போகிறவர்கள் எங்கெல்லாம் போவார்களோ என்றுதான் எண்ணினேன். அவர்கள் மட்டி அள்ளினார்கள், நண்டு பிடித்தார்கள். அதைத் தவிர வேறு என்ன செய்கிறார்கள் என்று அறிய, கண்டற்காட்டில் நான்கு காவலரை ஒளித்து வைத்தேன்.

பலகை ஓட்டத் தெரியாத உப்பு வணிகரும், படைவீரரும், திருவிழாவுக்குப் போவோரும் சேற்றைக் கால்நடையாய்க் கடக்கும் பொருட்டு, பலகையர் கண்டற்கோல்களை வரிசையாய் நட்டு, நுனியில் தாழைமடல் கட்டி வைப்பதை நீர் அறிவீர். கோலுக்குக் கோல் நடந்தால் அக்கரை சேரலாம். என் காவலர் கண்டு வந்து சொன்னது என்னவென்றால், ஒவ்வொரு நிறைமதிக்கும் மறைமதிக்கும் பின்பு, ஒருவரும் இல்லாத வைகறையில், சிறுகண்டன் சில கோல்களைப் பிடுங்கி வேறிடத்தில் நடுகிறான் என்பதாம். வழியென்றால் ஒரே இடத்தில் கிடக்க வேண்டும். இடம் மாறும் வழி யாருக்கோ வைத்த குறி என்று முடிவு கட்டினேன்.

சிறுகண்டனை அழைப்பித்துக் கேட்டேன். ஐம்பது வயதுள்ளவன், முழங்காலில் பலகை தேய்த்த காய்ப்பு, அதிகம் பேசாதவன். நிறைமதியிலும் மறைமதியிலும் கடல் பொங்கும் பெருவெள்ளம் வந்து போகும்போதெல்லாம் சேற்றின் அடியில் ஓடைகள் இடம் பெயர்கின்றன என்றும், நேற்று கெட்டியாய் இருந்த இடம் இன்று கூழாகிவிடும் என்றும் அவன் தெரிவித்தான். ஏன் என்னிடம் முன்னமே கூறவில்லை என்று அதட்டியதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“சேறு நடக்குதுங்க. அதுகூடக் கோலும் நடந்தாத்தான் ஆளு நடக்க முடியும். இதைப் போயி யாருகிட்டச் சொல்றது?”

இதை நான் திமிர் என்று கொண்டேன். பேசும்போது அவன் என் கண்ணைப் பாராமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்; கண்ணைப் பார்க்க அஞ்சுகிறான், ஆகவே கள்ளன் என்று குறித்து வைத்தேன். பலகையர் எவரைக் கண்டாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள் என்பதும், நிற்கும் இடம் தாங்குமா என்று பார்த்துப் பார்த்து அது அவர்களுக்கு மரியாதையாகவே ஆகிவிட்டது என்பதும் எனக்கு நேற்றுத்தான் தெரியும். அவன் குடிசையில் முடிச்சு முடிச்சாய் ஒரு கயிறு கிடைத்தது. தீவகத்தார்க்கு அனுப்பும் மறைமொழி என்று எண்ணி, தலைநகரிலிருந்து மூன்று புலவரை வரவழைத்து ஒன்பது நாள் அதைப் படிக்கச் செய்தேன். ஒருவர் அதில் கலங்களின் எண்ணிக்கையைக் கண்டார். ஒருவர் அரசர் பிறந்த நாளைக் கண்டார். அது ஒவ்வொரு வற்றத்துக்கும் ஒரு முடிச்சாகப் போட்டு வந்த கணக்குக் கயிறு. மூன்றாம் புலவர் அதைத்தான் சொன்னார்; அவரையும் ஐயுற்றுத் திருப்பி அனுப்பினேன்.

பின்பு நான் செய்ததை நீர் அறிவீர். பாராட்டி ஓலையும் விடுத்தீர். கோல்களை எல்லாம் அகற்றி, அன்று அவை நின்ற அதே இடங்களில், இரண்டு ஆள் உயரக் கருங்காலிக் கம்பங்கள் நாற்பத்தொன்றை ஆழ இறக்கி, ஒவ்வொன்றிலும் சங்குக்குறி சுட்டு, தொட்டவன் தலை போகும் என்று பறை அறைவித்தேன். அரசு நட்டது அசையாது என்று குடிகள் முன் பேசவும் செய்தேன். அன்று அக்கம்பங்கள் நின்றது மெய்யான வழியில்தான். நாற்பத்தொன்றும் சரியாய் இருந்தன. அந்த ஒரு நாளைக் கொண்டே மற்ற எல்லா நாளையும் கணித்துவிட்டேன்.

அடுத்த நிறைமதியின் பெருவெள்ளம் வடிந்த மறுநாள் காலையில், பதினைந்து, பதினாறு, பதினேழாம் கம்பங்களைச் சிறுகண்டன் தோண்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது பிடிபட்டான். அக்கம்பங்கள் ஓடையின் வாயில் நிற்கின்றன, நடப்பவர் அழிவர் என்று அவன் முறையிட்டான். இதைச் சொல்ல முன்பே இருமுறை பாசறைக்கு வந்ததாகவும், வாயிலில் துரத்தப்பட்டதாகவும் கூறினான். வாயிற்காவலனைக் கேட்டேன், மெய்தான், பலகையர் எவரும் நூறு அடிக்குள் வரலாகாது என்று தங்கள் ஆணை இருந்ததே என்றான். அதைக் கேட்டு நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? காவலனை வசப்படுத்த இருமுறை முயன்றிருக்கிறான் என்று முடிவுக்கு வந்தேன். கொற்றனாரே, ஐயம் பிடித்தவனுக்கு எதிரி தேவையில்லை. கையில் கிடைத்த எதையும் அவன் சான்றாக்கிக்கொள்வான்.

அவனை விலங்கிட்டுக் குதிரைவழியே உம்மிடம் அனுப்பினேன்; அவன் உறவினர் ஐவரை இங்கே சிறையிட்டேன். நீர் மன்றம் கூட்டித் தீர்ப்புச் சொன்னீர். நான் இங்கே அந்த மூன்று கம்பங்களையும் அதே குழிகளில் திரும்ப இறக்கச் செய்தேன். கடல் ஏறியிருந்தபோது, தெப்பத்தின் மேல் நின்று இறக்கினார்கள். அதனால் அடியில் சேறு எப்படி இருக்கிறது என்று ஒருவன் காலும் அறியவில்லை.

நேற்று நடந்தது இது. மறைமதியின் பெருவெள்ளம் வடிந்திருந்தது. கம்பங்களைப் பார்வையிட, தாழியன் நாகனின் தலைமையில் பதினான்கு வீரர் உச்சிப்பொழுதில் இறங்கினர். பார்மேடையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்காம் கம்பம் வரை கெண்டைக்கால் அளவுச் சேறு. பதினைந்தாவதை நெருங்கியதும் முன்னே போன நாகன் இடுப்பளவு போனான். கை நீட்டியவன் மார்பளவு போனான். ஒருவனை ஒருவன் விடாமல் காக்க வேண்டும் என்று நாம் பயிற்றுவித்திருக்கிறோம் அல்லவா, அதன்படியே ஒருவரையும் விடாமல் ஓடிப்போய் விழுந்தார்கள். இரும்புச்சட்டையின் கனம் வேறு. என் நாட்டின் சங்குக்குறி சுட்ட கம்பத்தைக் கட்டிக்கொண்டு ஒருவன் கத்தினான். கம்பமும் அவனோடு சாய்ந்தது. நாகன் உட்பட அறுவர் போயினர். அவர்கள் உடலும் கிடைக்கவில்லை.

மற்ற எண்மரும் பிழைத்தது ஒன்பது பெண்களால். எங்கள் கொம்பு ஊதி அடங்கும் முன்பே கண்டற்காட்டின் ஓரத்திலிருந்து ஒன்பது பலகைகள் பாய்ந்து வந்தன. பலகையைக் குறுக்கே கிடத்தி, அதன்மேல் குப்புறப் படுத்து, ஒவ்வொருவனாய் அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள். முன்னே வந்தவள் அலரி. அவர்களில் ஐவரின் கணவன்மார் என் சிறையில் இருக்கிறார்கள்.

இதை எழுதாமல் விடலாம். ஆயினும் நீர் என்னை முழுதும் அறிய வேண்டும். அறுவர் மாண்டதை என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த அந்த வேளையிலும் என் உள்ளத்தில் முதலில் எழுந்தது துயரம் அன்று. இவர்கள் எப்படி இவ்வளவு விரைவில் வந்தார்கள் என்ற கேள்விதான் எழுந்தது. கரையேறியதும் பெண்களைப் பிடித்துக் கட்டுக என்று ஆணையிட்டேன். அலரி தான் சுமந்து வந்த வீரனை மணலில் கிடத்தி, அவன் மூக்கிலும் வாயிலும் அடைத்திருந்த சேற்றை விரலால் வழித்துவிட்டு, பின்பு கயிற்றுக்குத் தானே கையை நீட்டினாள். அப்படித்தான் நடக்கும் என்று அவள் முன்பே அறிந்திருந்தாள் போலும். எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.

விரைவில் வந்த காரணத்தை வினவினேன். மூன்று கம்பங்களும் திரும்ப நடப்பட்ட நாள் முதல், ஒவ்வொரு வற்றத்துக்கும் முறைவைத்துக்கொண்டு, அப்பெண்கள் பலகையோடு அந்தக் காட்டோரத்தில் காத்திருந்தார்களாம். யாராவது ஒரு நாள் அவ்வழி நடப்பார்கள் என்று தெரியுமாம். நேற்று வீரர் இறங்கியபோது கூவித் தடுத்தும் இருக்கிறார்கள். பலகையர் கூவினால் திரும்பிப் பாராதே என்பது நான் வீரர்க்கு இட்ட கட்டளை. பிழைத்தவர்களில் ஒருவன் அக்கூவலைக் கேட்டதாக என் முன் அழுதுகொண்டே கூறினான்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் நம்பவில்லை. கூவியது நாடகமாயிருக்கலாம், காப்பாற்றியது என் நம்பிக்கையைப் பெற இட்ட இரையாயிருக்கலாம். ஆகவே மூன்று ஆள் நீள மூங்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு பலகையில் குந்தி, அலரியை இழுக்கச் சொல்லி நானே சேற்றில் போனேன். பதினைந்தாம் கம்பத்தின் அடியில் மூங்கிலை ஊன்றினேன். ஒரு கையின் அழுத்தத்துக்கே முழுதும் இறங்கி, நுனி மட்டும் வெளியே நின்றது. பதினாறும் அப்படியே. பதினேழும் அப்படியே. உன் கணவன் இக்கம்பங்களை எங்கே நட்டிருப்பான் என்று கேட்டேன். கரைப்பக்கம் எழுபது அடி தள்ளி ஓரிடத்தைக் காட்டினாள். அங்கே மூங்கில் ஒரு முழம் இறங்கி, கல்லில் பட்டதுபோல் நின்றது. அவள் காட்டாத இடங்களையும், நானே தேர்ந்துகொண்ட கம்பங்களையும் ஒன்றொன்றாய்க் குத்திப் பார்த்தேன். நீர் ஏறி வந்து பலகையை நனைக்கும் வரை விடவில்லை. நடுச்சேற்றைக் கடந்து நான் சென்றடைய முடிந்த கம்பங்கள் முப்பது; அவற்றில் பதினான்கு பொய்.

ஆறு கொண்டுவரும் வண்டலைக் கடல் தன் போக்கில் பரப்பியும் கலைத்தும் போகிறது. நான் அதில் ஆணியடித்து நிறுத்தப் பார்த்தேன். சிறுகண்டன் பிடுங்கிய மூன்றும் கொலைக்கம்பங்கள். அவனை விட்டிருந்தால் அந்த அறுவரும் இன்று காலை கஞ்சி குடித்திருப்பார்கள்.

இனி, எழுதியவன் நானே என்பதற்குச் சான்று. எழுத்து என் எழுத்து என்பதைக் காண்பீர். அதைப் போல எழுதக் கற்றவர் இருவரையாவது நாம் இருவரும் பிடித்திருக்கிறோம், ஆகையால் அது போதாது என்பீர். நம் இருவர்க்கும் மட்டும் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். வெண்ணாவற்பாசறையில் நாம் இருந்தபோது, ஆற்றுக்காவலிலிருந்து முத்திரை உடைந்த ஓலை ஒன்று நனைந்தபடியே வந்தது. மேலையூரைத் தாக்கப் பகைவர் வருகிறார்கள் என்று இருந்தது. நீர் நம்புவோம் என்றீர். நான் பொய்யோலை என்று தீயில் இட்டேன். மேலையூர் எரிந்தது. ஓலை ஒன்றும் வரவே இல்லை என்று அரசர் அவையில் நான் சொன்னபோது, என் பக்கத்தில் நீர் தலைகுனிந்து நின்றீர். பதினோராண்டாய் அதைப்பற்றி நாம் ஒரு சொல்லும் பேசியதில்லை. இவ்வோலை அரசர் கைக்குப் போனால் என் பதவி போகும், தலையும் போகலாம். அறிந்தே எழுதினேன்.

இதையும் ஐயுறலாம். அமைச்சனை வதைத்து வாங்கியிருப்பார்கள் என்று எண்ணலாம். உமது இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் எண்ணுவேன். ஆகவே என்னை நம்புக என்று உம்மை வேண்டேன். உமது கரையிலிருந்து எண்ணி வரும் ஏழாம் கம்பத்தையும் ஒன்பதாம் கம்பத்தையும் பார்த்துக்கொள்க. நேற்று என்னால் அவ்வளவு தொலைவு வர இயலவில்லை; ஆனால் ஓடைகளின் போக்கை வைத்து அவை இரண்டும் பொய்யாயிருக்கும் என்கிறாள் அலரி. இவ்வோலை உம்மிடம் வரும்போது சேறு இன்னும் நீருக்கு வெளியே இருக்கும். இடுப்பில் கயிறு கட்டிய ஆள் ஒருவனையும் நீண்ட மூங்கில் ஒன்றையும் அனுப்புக. மூங்கில் கள்ளக் கையெழுத்து இடாது. அது இறங்கினால் சிறுகண்டன் குற்றமற்றவன். நான் யார், எந்நிலையில் எழுதினேன் என்பது பிறகு பார்க்க வேண்டியது.

இவ்வோலையை அலரியிடம் கொடுக்குமுன் அவளுக்கு நேரப்போவதை ஒளிக்காமல் கூறினேன். கோட்டைத்தலைவர் நம்பாவிடில் உன்னையும் சிறையில் தள்ளுவார், உன் கணவன் சாவதை அங்கிருந்தே நீ கேட்க நேரும் என்றேன். என் வீரர்களில் பலகை ஓட்ட அறிந்தவர் ஒருவரும் இல்லை, வேறு ஆளும் இல்லை என்றேன். ஓலையில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டட்டுமா என்றும் கேட்டேன். வேண்டாம் என்றாள்; படித்துக் காட்டினாலும் ஏட்டில் அதுதான் இருக்கிறது என்று தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அவள் என்னை ஐயுறுகிறாள் என்பதும், ஐயுற்றுக்கொண்டே போகிறாள் என்பதும் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

அவள் போகும் வழியிலேயே கண்டற்கோல்களைப் புதிதாய் நட்டுப் போவதாக ஏற்பாடு. கோல்களைச் சுமந்து வர, நேற்று வந்த பெண்களில் நால்வர் நடுச்சேறு வரை உடன் போவார்கள். அதன்மேலும் என் பழைய புத்தி சும்மா இருக்கவில்லை. நீ நடும் கோல் சரியானது என்று நான் எப்படி அறிவேன் என்று கேட்டுவிட்டேன். அவள் சினக்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டே விடை சொன்னாள்.

“கோலு நட்டா, நட்டவன் அதுல மொதல்ல நடக்கணும், பலகை இல்லாம. கட்டினவளும் பின்னாலயே நடக்கணும். இருபத்திரண்டு வருசமா அவரு பின்னால நான் நடந்திருக்கேன். நீங்க நாப்பத்தொண்ணு நட்டீங்களே ஐயா, ஒண்ணுலயாச்சும் நடந்தீங்களா?”

இல்லை என்றேன்.

ஆதலால் என் ஆணையைக் கேட்க. சிறுகண்டனின் தண்டனையை நிறுத்துக. மூங்கிலைக் கண்டபின் அவனை விலங்கு நீக்கி விடுவிக்க. அவன் உறவினர் ஐவரை இங்கே நான் இப்பொழுதே விடுவிக்கிறேன். அலரியைச் சிறையிடற்க, அவளுக்கு நீரும் சோறும் தந்து, நீர் எந்த முடிவுக்கும் வருமுன்னரே அவள் தன் கணவனைக் காண விடுக. ஓலை நனைந்திருக்கும், முத்திரை சேறு படிந்தோ உடைந்தோ இருக்கும். அது கண்டு பொய்யோலை என்று எண்ணற்க. பலகையர் ஓலை பற்றிய என் நிலையாணை இந்நாழிகை முதல் இல்லை. உமது கரைப்பக்கத்துக் கம்பங்களை எல்லாம் அரிந்து விறகாக்குக. எந்த வீரனும் அவற்றை நம்பி இறங்கற்க.

நாளைப் பகல் வற்றத்தில் நான் இக்கரையிலிருந்து புறப்படுகிறேன். பலகையில் அன்று; காலால். காவலர் இன்றி, அலரி இன்று நட்டுச் செல்லும் கோல்களைக் கொண்டே அக்கரை வருவேன். என் கம்பங்களில் நடந்து மாண்ட அறுவர்க்கு இதைவிடச் செய்யத்தக்கது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாளை மாலை கடல் ஏறும் வரை எனக்காகக் காத்திருக்க.

நான் வந்து சேராவிடின், என் உடலைத் தேடி ஒருவரையும் சேற்றில் இறக்கற்க. அவள் நட்ட கோலின்மேல் பழி கூறற்க. அவளையோ அவள் குடியில் எவரையுமோ உசாவற்க. ஏறன் சேந்தன் வயதானவன், கோலை விட்டுக் காலை வைத்தான், அவன் பிழையே பிழை என்று அரசர்க்கு எழுதுக.

இது எல்லைப் பேரமைச்சன் கைச்சாத்து. இது அவன் முத்திரை. இது ஆணை.